கேபிள் சிக்குவது கரையில்தான்

கடலடி கேபிள் திட்டங்களில் வேலை என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "சுறா கடிச்சிடாதா?" என்பதுதான். கடித்திருக்கிறது, பல வருஷங்களுக்கு முன்னால். ஆனால் இன்றைக்கு உலகம் முழுக்க வருஷத்துக்கு 150 முதல் 200 தடவை கேபிள் பழுதாகிறது, அதில் முக்கால்வாசிக்கு மனிதர்கள்தான் காரணம். மீன்பிடி வலை, கப்பல் நங்கூரம், இந்த இரண்டும்தான் பெரும்பாலும். நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் சுறாவுக்கு ஷரத்து கிடையாது. நங்கூரத்துக்கு உண்டு, வலைக்கு உண்டு, சுங்கத்துறைக்கு உண்டு, பருவமழைக்குக்கூட உண்டு.

நான் கப்பலில் போகிறவள் இல்லை. ஒப்பந்தப் பிரிவு. கேபிள் ஒரு மீட்டர்கூடத் தயாராவதற்கு முன்னால் எழுதப்படும் காகிதங்களும், கேபிள் அறுந்த பிறகு பறக்கும் கடிதங்களும்தான் என் உலகம். இந்த வேலைக்கு வந்த புதிதில், நடுக்கடலில் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் கேபிள் போடுவதுதான் சட்டப்படி பெரிய சிக்கலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாக இருந்தது. நடுக்கடலில் ஒரு பிரச்சினையும் இல்லை. 4,000 மீட்டர் ஆழத்தில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் பருமனில் ஒரு கேபிளை, கவசம்கூட இல்லாமல், நாளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் கிடத்திக்கொண்டே போகலாம். சிக்கலெல்லாம் கரையை நெருங்கும்போதுதான் ஆரம்பிக்கும். எங்கே ஒரு அரசாங்கத்தின் கை நீளுமோ, எங்கே ஒரு சாவி யாரோ ஒருவர் பாக்கெட்டில் இருக்குமோ, அங்கேதான் பணமும் போகும், காலமும் போகும்.

1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. 79-ஆவது பிரிவின்படி எல்லா நாடுகளுக்கும் கண்டத்திட்டில், அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலப்பகுதியில், கேபிள் போட உரிமை உண்டு. அங்கே எண்ணெய்க் குழாய் போட வேண்டுமானால் வழித்தடத்துக்குக் கரை நாட்டின் சம்மதம் வேண்டும். கேபிளுக்கு அந்தச் சம்மதத்தை உடன்படிக்கை கேட்கவில்லை. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல் எல்லைக்குள் வந்துவிட்டால் அந்த நாடு என்ன நிபந்தனை வேண்டுமானாலும் போடலாம். உடன்படிக்கையில் இப்படி எழுதியிருந்தாலும், பல நாடுகள் 200 மைல் வரைக்கும் அனுமதி கேட்கத்தான் செய்கின்றன. நாங்களும் வாதாடிக்கொண்டு நிற்பதில்லை, விண்ணப்பம் போட்டுவிடுகிறோம். கப்பலை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு சர்வதேச சட்டம் பேச யாருக்கும் கட்டுப்படியாகாது.

கேபிள் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். பழைய முறை கன்சார்டியம். சென்னைக்கும் மும்பைக்கும் வருகிற சீ-மீ-வீ 4 கேபிள் இதற்கு நல்ல உதாரணம். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுமார் 18,800 கிலோமீட்டர். பல நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து போட்டது. இப்படிச் சேரும்போது முதலில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம், அப்புறம் 'சி அண்ட் எம்.ஏ.' என்று நாங்கள் சொல்லும் கட்டுமான, பராமரிப்பு ஒப்பந்தம். இதுதான் கூட்டாளிகளுக்குள்ளே உள்ள வேதம். யார் எவ்வளவு போடுகிறார்கள், அதற்கு எவ்வளவு கொள்ளளவு (கேபிளில் தரவு அனுப்பக் கிடைக்கும் இடம்), எந்த நாட்டில் யார் கேபிளைக் கரையேற்றுவது, ஓட்டெடுப்பு எப்படி, ஒருவர் பணம் கட்டாவிட்டால் என்ன, எல்லாம் இதில்தான். இன்னொரு பக்கம் சப்ளை ஒப்பந்தம். அதில் எல்லாக் கூட்டாளிகளும் ஒருபக்கம், கேபிள் செய்து போட்டுத்தரும் நிறுவனம் மறுபக்கம். சீ-மீ-வீ 4-க்கு அந்த நிறுவனங்கள் அல்காடெலும் ஃபுஜிட்ஸுவும். 2004 மார்ச்சில் கையெழுத்து, 2005 டிசம்பரில் கேபிள் ஓடியது. இருபத்தொரு மாதம்!

இப்போது அப்படி ஒரு அட்டவணையை யாராவது என்னிடம் காட்டினால் சிரித்துவிடுவேன். அடுத்த தலைமுறையான சீ-மீ-வீ 6-க்கு 2022 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டு, 2025 முதல் காலாண்டில் முடியும் என்று அறிவித்தார்கள். அந்தத் தேதியில் முடியவில்லை. கேபிள் செய்யும் தொழில்நுட்பம் பின்னோக்கிப் போய்விடவில்லை. இழுத்தடித்ததில் பெரும்பங்கு கரைக்கும் அரசியலுக்கும்தான்.

சப்ளை ஒப்பந்தத்தில் நான் முதலில் புரட்டுவது விலைப் பட்டியலை அல்ல, அனுமதிகள் பற்றிய இணைப்பை. அனுமதிகள் இரண்டு வகை. ஒரு நாட்டில் கேபிள் கரையேறலாம் என்று கொள்கை அளவில் வாங்கும் அனுமதி ஒன்று. அதைப் பெறவேண்டியது வழக்கமாக கேபிளை வாங்கும் தரப்பு, அதாவது அந்த நாட்டுக் கூட்டாளி. கப்பல் உள்ளே வர, ஆட்கள் இறங்க, கடற்கரையில் பள்ளம் தோண்ட என்று வேலை நடப்பதற்கான அனுமதி இன்னொன்று. அது சப்ளையர் பொறுப்பு. ஒரு காகிதம் தாமதமானால் அது முதல் வகையா இரண்டாம் வகையா என்பதில்தான் சண்டையே. முதல் வகை என்றால் சப்ளையருக்குக் கூடுதல் காலம் தரவேண்டும், கப்பல் சும்மா நிற்கும் வாடகையையும் தரவேண்டும். இரண்டாம் வகை என்றால் சப்ளையர் நமக்கு எல்.டி., அதாவது தாமத இழப்பீடு கட்டவேண்டும். கேபிள் கப்பல் ஒரு நாள் நின்றால் பல ஆயிரம் டாலர். அதனால் ஒரு கடிதத்தின் தலைப்பில் 'என்.ஓ.சி.' (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) என்று இருக்கிறதா 'அனுமதி' என்று இருக்கிறதா என்பதற்கெல்லாம் வாரக்கணக்கில் மின்னஞ்சல் போகும்.

சென்னைக் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் துறை, உள்துறை, பாதுகாப்புத் துறை, சுங்கம், துறைமுகம், கடலோரக் காவல்படை, அப்புறம் சி.ஆர்.இசட். என்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. இவ்வளவையும் கையில் வாங்கிவிட்டாலும் காலண்டர் விடாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இதே மணலில் முட்டையிட வரும், இரவில் விளக்குப் போட்டு இயந்திரம் ஓட்டினால் கேள்வி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும், எங்களுக்கு வசதி. ஆக, ஒரு அனுமதி இரண்டு மாதம் தள்ளிப்போனால் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போகும் என்று கணக்குப் போடக்கூடாது. வருஷமே போய்விடலாம். வெளிநாட்டுச் சப்ளையர்களின் அட்டவணையில் இது இருக்காது. நான்தான் ஒவ்வொரு தடவையும் சிவப்பு மையில் எழுதுகிறேன்.

தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் போட்டில் போகிறவர்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களிடம் பேசாமல் கரையில் எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. சென்னைக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் ஊர்க்கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பொறியாளர், ஒரு உள்ளூர் ஏஜென்ட், நான். வலைக்கூடத்தின் நிழலில் பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள். பொறியாளர் வரைபடத்தை விரித்துப் பத்து நிமிஷம் பேசினார். பெரியவர் ஒருவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. என்னிடம் திரும்பினார்.

"ஏம்மா, வக்கீலுன்றாங்களே, நீதான? நாங்க வலை உட்டா உன் கேபிள்ல மாட்டாதுன்னு என்னா கேரண்டி?"

"மாட்டாது அய்யா. ஒரு மீட்டருக்கு மேல ஆழத்துல புதைச்சிடுவாங்க."

"மண்ணு ஓடுற கடலும்மா இது. இந்த வருசம் பொதைச்சது அடுத்த வருசம் வெளிய கெடக்கும். அப்ப?"

உண்மைதான். சென்னைக் கரையில் மணல் நகர்வதை அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் சட்டத்தைச் சொன்னேன். கடல் சட்ட உடன்படிக்கையில் 115-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. கேபிளைக் காயப்படுத்தக்கூடாது என்பதற்காக ஒருவர் தன் நங்கூரத்தையோ வலையையோ இழந்தால், அவர் முன்கூட்டியே நியாயமான எச்சரிக்கையோடு இருந்திருந்தால், கேபிள் முதலாளி அவருக்கு ஈடுகட்ட வேண்டும். அதற்கேற்ற சட்டத்தை ஒவ்வொரு நாடும் செய்யவேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. "மாட்டுனா இழுக்காதீங்க, வலைய அறுத்துட்டு வந்துடுங்க, காசு கம்பெனி குடுக்கணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "வலைய அறுத்துட்டு வந்துட்டா, அது கேபிள்லதான் மாட்டுச்சுன்னு எதைக் காட்டுவேன்? வலைதான் கடல்ல கெடக்குதே."

சட்டக் கல்லூரியில் யாரும் கேட்காத கேள்வி. ஆனால் 1884-லேயே யோசித்திருக்கிறார்கள். அந்த வருஷம் பாரிஸில் தந்திக் கேபிள்களைப் பாதுகாக்க ஓர் உடன்படிக்கை ஆனது, அதன் 7-ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. சம்பவம் நடந்த கையோடு படகில் இருந்தவர்களின் சாட்சியத்தோடு ஒரு குறிப்பு எழுதவேண்டும், முதலில் சேரும் துறைமுகத்தில் 24 மணி நேரத்துக்குள் அதிகாரியிடம் சொல்லவேண்டும். காகிதமும் பேனாவும் வைத்திருக்கும் நீராவிக் கப்பல் கேப்டனுக்காக எழுதியது அது. ஃபைபர் போட்டுக்குப் பொருந்தாது. கடைசியில் நாங்கள் செய்தது, அந்த ஊருக்கான உடன்பாட்டிலேயே ஒரு பத்தி சேர்த்தது: போனில் ஜி.பி.எஸ். இடத்தோடு ஒரு படம், கட்டணமில்லா எண்ணுக்கு ஓர் அழைப்பு, மீன்வளத் துறைக்கு ஒரு நகல், இவ்வளவு போதும் என்று. தலைமை அலுவலகத்தில் இதைக் கையெழுத்திட வைக்க நான் பட்டபாடு தனிக்கதை. 'இதைப் பார்த்து எல்லாக் கிராமமும் கேட்கும்' என்றார்கள். கேட்கட்டுமே. ஒரு வலையின் விலை என்ன, ஒரு பழுதுபார்ப்புக் கப்பலைக் கூப்பிடும் செலவு என்ன?

கடற்கரையைத் தாண்டினால் அடுத்தது லேண்டிங் ஸ்டேஷன், கடல் கேபிள் தரை வலையமைப்போடு சேரும் இடம். பார்க்க ஒன்றுமே இருக்காது, ஜன்னல் குறைவான ஒரு சாதாரணக் கட்டடம், ஜெனரேட்டர், காவலாளி. ஆனால் இந்தியக் கேபிள் வரலாற்றின் பெரிய வழக்கு அப்படி ஒரு கட்டடத்தின் கதவைப் பற்றியதுதான்.

ஃபிளாக் என்கிற கேபிள் 1997-ல் வந்தது. பிரிட்டனிலிருந்து ஜப்பான் வரை சுமார் 28,000 கிலோமீட்டர். அதுவரை கேபிள் என்றால் அரசாங்கத் தொலைபேசி நிறுவனங்களின் கூட்டுச் சொத்து. இது தனியார் முதலீட்டில் வந்தது, கொள்ளளவை விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தோடு. மும்பையில் அதைக் கரையேற்றியது அன்றைக்கு அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். அப்புறம் இரண்டு பக்கமும் முதலாளிகள் மாறினார்கள். 2002-ல் வி.எஸ்.என்.எல். டாடா கைக்குப் போனது. அதே வருஷம் ஃபிளாக் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டது, மீண்டு வந்தது, 2004 தொடக்கத்தில் ரிலையன்ஸ் அதை 207 மில்லியன் டாலருக்கு வாங்கியது. இப்போது நிலைமையைப் பாருங்கள். கேபிள் ரிலையன்ஸுடையது, அது கரையேறும் மும்பை ஸ்டேஷன் போட்டியாளரான டாடாவுடையது. ஃபிளாக் மும்பையில் கொள்ளளவை உயர்த்த வேண்டும் என்றது. கடலுக்குள் புதிதாக எதுவும் போட வேண்டியதில்லை, ஸ்டேஷனில் கருவிகளை மாற்றினால் போதும். வி.எஸ்.என்.எல். கதவைத் திறக்கவில்லை.

வழக்கு சர்வதேச வர்த்தக சபையின் நடுவர் மன்றத்துக்கு, ஹேக் நகருக்குப் போனது. 2006-ல் தீர்ப்பு ஃபிளாக் பக்கம் வந்தது. மறு வருஷம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், லேண்டிங் ஸ்டேஷன்களைப் போட்டியாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதற்கப்புறம் கட்டணம் எவ்வளவு என்ற சண்டை, அது சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. இன்றைக்கு நான் எழுதும் ஒவ்வொரு லேண்டிங் ஒப்பந்தத்திலும், கேபிளோ ஸ்டேஷனோ கைமாறினால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கம் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அந்த வழக்குதான். இந்தியாவில் கேபிளைக் கரையேற்ற சர்வதேச தொலைதூர சேவை உரிமம் வேண்டும். கூகுளோ மெட்டாவோ எவ்வளவு பணம் போட்டாலும் உள்ளூரில் ஓர் உரிமதாரரின் கையைப் பிடித்துத்தான் கரையேற வேண்டும். பேரம் பேசும்போது அந்த உரிமதாரருக்கு இது நன்றாகவே தெரியும்.

பணம் வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். கேபிள் முதலாளி பெரும்பாலும் விற்பது ஐ.ஆர்.யூ. எனப்படும் நீண்டகாலப் பயன்பாட்டு உரிமை. வழக்கமாக 15 வருஷம், பணம் முன்கூட்டியே, அதுபோக வருஷா வருஷம் பராமரிப்புச் செலவு. சொத்தா வாடகையா என்றால் இரண்டும் போலத் தெரியும். இந்த மங்கலை வைத்து 2000 வாக்கில் அமெரிக்காவில் பெரிய விளையாட்டே நடந்தது. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொள்ளளவை விற்று, இரண்டு பக்கமும் வருமானம் காட்டின. 2002 ஜனவரியில் அப்படி ஒரு கேபிள் நிறுவனமான குளோபல் கிராஸிங் திவாலானது. அந்தச் சரிவில் லாபம் பார்த்தது இந்தியர்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். டைகோ நிறுவனம் இருநூறு கோடி டாலருக்கு மேல் கொட்டி உலகம் சுற்றிப் போட்ட கேபிள் வலையை, 2005-ல் வி.எஸ்.என்.எல். வெறும் 130 மில்லியன் டாலருக்கு வாங்கிப்போட்டது.

ஐ.ஆர்.யூ.வைப் பேசும்போது வரியையும் பேசத்தான் வேண்டும். 2012-ல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். செயற்கைக்கோள், கேபிள், ஆப்டிக் ஃபைபர் வழியாக அனுப்புவதும் சட்டம் சொல்லும் 'செயல்முறை'தான் (process), ஆகவே அதற்குத் தரும் பணம் ராயல்டி, அதுவும் ஆரம்ப நாளிலிருந்தே அப்படித்தான் என்று. 2013-ல் வெரைசன் சிங்கப்பூர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அலைவரிசைக் கட்டணத்தை ராயல்டி என்றே சொன்னது. வேறு நீதிமன்றங்கள் வரி ஒப்பந்தத்தைக் காட்டி வேறு மாதிரி சொன்னதும் உண்டு. விளைவு, இந்தியாவிலிருந்து வெளிநாட்டு கேபிள் நிறுவனத்துக்குப் பணம் போகும் எந்த ஒப்பந்தத்திலும், 'வரி எதுவாக இருந்தாலும் என் கைக்கு முழுத்தொகை வரவேண்டும்' என்று விற்பவர் ஒரு ஷரத்தைக் கேட்பார். அந்த ஒரு வரியில் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் அதைத் தாண்டிப்போய் நிர்ப்பந்த நிகழ்வு ஷரத்தில், அதாவது யார் கையிலும் இல்லாத ஆபத்துகளுக்கான ஷரத்தில், 'பூகம்பம்' இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

கேபிள் அறுந்த பிறகும் கதை கரையில்தான். பழுதுபார்ப்புக் கப்பல்கள் வட்டார ஒப்பந்தங்களின் கீழ், சந்தா கட்டி வைத்திருக்கும் கேபிள்களுக்காகத் துறைமுகங்களில் தயாராக நிற்கும். இந்தியக் கொடி போட்ட அப்படியொரு கப்பல் நம்மிடம் இல்லை என்பதை 2023-ல் டிராய் பரிந்துரைகளிலேயே பார்க்கலாம். வெளிநாட்டுக் கப்பல் வரவேண்டும், வந்தால் கப்பலுக்கும் அதிலுள்ள எரிபொருளுக்கும் சுங்க நடைமுறை, மாலுமிகளுக்குப் பாதுகாப்பு அனுமதி. கடலில் வேலை சில நாள், காகிதத்தில் சில வாரம். டிராய் இதையெல்லாம் எளிமையாக்கச் சொன்னது.

மலேசியா இதில் கையைச் சுட்டுக்கொண்டது. உள்நாட்டுக் கடலில் உள்நாட்டுக் கப்பல்தான் வேலை செய்யலாம் என்ற விதியிலிருந்து கேபிள் பழுதுபார்க்கும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்திருந்தார்கள். 2020 நவம்பரில் புதிய போக்குவரத்து அமைச்சர் அதை ரத்து செய்தார், உள்ளூர்க் கப்பல்காரர்களைக் காக்க. கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் எல்லாம் சேர்ந்து பிரதமருக்கு எழுதின. பிறகு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஆப்ரிகாட் கேபிள் சிங்கப்பூரைத் தொட்டது, இந்தோனேசியாவைத் தொட்டது, பிலிப்பைன்ஸைத் தொட்டது, மலேசியாவைத் தொடவில்லை. ஆட்சி மாறி 2024-ல்தான் விலக்கு திரும்ப வந்தது. ஏமனில் இன்னும் மோசம். 2024-ல் ஹூதிகள் தாக்கிய ரூபிமார் கப்பல், மிதந்து போகும்போது அதன் நங்கூரம் செங்கடலில் மூன்று கேபிள்களை அறுத்தது. பழுதுபார்க்க அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் இரண்டு அரசாங்கங்கள். அவற்றில் ஒன்றான ஏ.ஏ.இ.-1 கேபிளைச் சரிசெய்து முடிக்க ஜூலை ஆகிவிட்டது.

அறுத்தவரைப் பிடித்தால்? அதற்கும் 12 மைல் கோடுதான் பதில். 2025 ஜூனில் தைவான் நீதிமன்றம், டோகோ கொடி போட்ட ஹாங் தாய் 58 கப்பலின் கேப்டனுக்கு மூன்று வருஷம் சிறை விதித்தது. அறுத்தது தைவானின் கடல் எல்லைக்குள். அதே வருஷம் அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், 2024 கிறிஸ்துமஸ் அன்று ஃபின்லாந்து வளைகுடாவில் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய் ஒரு மின்கேபிளையும் பல தொலைத்தொடர்புக் கேபிள்களையும் சேதப்படுத்தியதாகச் சொல்லப்பட்ட ஈகிள் எஸ் கப்பலின் அதிகாரிகள் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர்களில் ஒருவர் இந்தியர். சேதம் நடந்தது ஃபின்லாந்தின் எல்லைக்கு வெளியே, ஆகவே விசாரிக்கும் அதிகாரம் இங்கே இல்லை என்றது. அதிகாரம் கப்பலின் கொடி நாட்டுக்கு, அதாவது கப்பல் பதிவான நாட்டுக்கு, அல்லது அந்த அதிகாரிகளின் சொந்த நாட்டுக்கு. கப்பலின் கொடி குக் தீவுகளுடையது.

சீ-மீ-வீ 6-ல் அரசியல் எங்கே புகுந்தது என்றும் சொல்லவேண்டும். ராய்ட்டர்ஸ் 2023-ல் விரிவாக எழுதியது. சீனாவின் எச்.எம்.என். டெக் சுமார் 500 மில்லியன் டாலருக்குச் செய்வதாகச் சொல்லியிருந்தது, அமெரிக்காவின் சப்காம் அதைவிட அதிகம். ஆனாலும் வேலை சப்காமுக்குப் போனது. அமெரிக்க அரசின் நெருக்கடி பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதில் வியாபாரக் காரணமும் தெரிகிறது. 2021 டிசம்பரில் எச்.எம்.என். அமெரிக்காவின் தடைப் பட்டியலில் ஏறியது. அந்தக் கேபிளில் கொள்ளளவு வாங்கப்போகும் பெரிய வாடிக்கையாளர்கள் அமெரிக்க நிறுவனங்கள்தான். அவர்கள் தொடத் தயங்கும் கேபிளை நூறு மில்லியன் குறைவாகப் போட்டு யாருக்கு விற்பது? நான் அந்த மேஜையில் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடைசியாக, யாரும் படிக்காத ஷரத்து: கேபிள் செத்த பிறகு. 39,000 கிலோமீட்டர் ஓடிய சீ-மீ-வீ 3, 33 நாடுகளில் 39 இடங்களில் கரையேறியது, மும்பையும் கொச்சியும் அதில் சேர்த்தி. 2024 கடைசியில் ஓய்வு பெற்றது. ஆழ்கடலில் கிடப்பது அப்படியே கிடக்கலாம், அல்லது செம்புக்காக யாராவது வாங்கிச் சுருட்டுவார்கள். கரையில் அப்படி விடமுடியாது. உங்கள் செலவில் அகற்றித் தர வேண்டும் என்று அனுமதிக் கடிதத்திலேயே சில நாடுகளில் எழுதிவிடுகிறார்கள். செலவைக் கூட்டாளிகள் பங்கு விகிதத்தில் ஏற்கவேண்டும் என்பது வழக்கமான வாசகம். ஆனால் கால் நூற்றாண்டில் கூட்டாளிகள் சிலர் வேறு நிறுவனத்தோடு இணைந்திருப்பார்கள், சிலர் திவாலாகியிருப்பார்கள். ஆகவே கரையேற்றிய கூட்டாளியின் தலையில் மொத்தமும் விழும். இப்போதெல்லாம் இந்த ஷரத்தோடு ஒரு வங்கி உத்தரவாதத்தையும் சேர்த்துக் கேட்கிறேன். இதுவரை பெரும்பாலும், அடுத்த சுற்றில் பேசலாம் என்று பதில் வருகிறது.